சரயேவோவில் செம்பும் பாட்டும் சாப்பாடும்: போகும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

போன இலையுதிர் காலத்தில் தனியாக பொஸ்னியா போய்வந்தேன். போனதே மூன்று ஆசைகளுக்காகத்தான். செம்புப் பாத்திரம் அடிக்கும் பட்டறைகளைப் பார்க்க வேண்டும், செவ்தாலின்கா என்கிற அவர்களுடைய பழைய பாட்டை நேரில் கேட்க வேண்டும், அந்த ஊர்க்காரர்கள் மதியம் என்ன சாப்பிடுகிறார்களோ அதை நானும் சாப்பிட வேண்டும். மூன்றும் கடைசியில் கிடைத்தன. ஆனால் அதற்குள் டூர் பேக்கேஜில் 110 யூரோ, ரோமிங்கில் 59.50 யூரோ, ஒன்றுக்கும் உதவாத ஒரு காபிப் பாத்திரத்தில் 35 யூரோ, தவறிப்போன விமானத்துக்கு மாற்று டிக்கெட் 180 யூரோ என்று கரைந்துவிட்டது. இதில் பாதிக்கு மேல், போவதற்கு முன்னால் யாராவது பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசியிருந்தால் தப்பியிருக்கும். அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக.

முதலில் எல்லை. நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன், இந்திய பாஸ்போர்ட், அந்த ஊர் வதிவிட அட்டை இருக்கிறது. அதனால் பொஸ்னியாவுக்குத் தனி விசா எடுக்காமல் போக முடிந்தது. விதிகள் மாறக்கூடியவை, போகும் முன் தூதரகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து செங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான எல்லை ஏற்பாடு) சுற்றுலா விசாவில் வருகிறவர்கள்தான் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா செங்கனுக்குள் வந்துவிட்டது. பொஸ்னியா செங்கனில் இல்லை. குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் இறங்கி, பக்கத்தில்தானே இருக்கிறது என்று பொஸ்னியாவின் மோஸ்தாருக்கு பஸ் ஏறினால் செங்கனை விட்டு வெளியே வந்ததாகக் கணக்கு. ஒற்றை நுழைவு விசா என்றால் திரும்பக் குரோஷியாவுக்குள் போகவே முடியாது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுத் திட்டம் போடுகிறவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான். பலமுறை நுழைவு விசா கையில் இல்லாமல் அந்த பஸ்ஸில் ஏறாதீர்கள்.

எல்லையில் எனக்குப் பாஸ்போர்ட் பிரச்சினை எதுவும் வரவில்லை, போன் பிரச்சினைதான் வந்தது. ஜெர்மன் சிம்மை வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கக் கூடுதல் காசு இல்லாமல் சுற்றிப் பழகிவிட்டோம் இல்லையா, பொஸ்னியா அந்தக் கணக்கில் வராது. பஸ் எல்லையைத் தாண்டியதும் போன் தானாக அந்த ஊர் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டது. மேப் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் போட்டோக்கள் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. மோஸ்தார் வருவதற்குள் 59.50 யூரோ உச்சவரம்பைத் தொட்டு இணையம் நின்றுவிட்டது. அப்படி ஒரு உச்சவரம்பு இருந்ததே புண்ணியம், இல்லாவிட்டால் எங்கே போய் நின்றிருக்குமோ. இந்திய சிம் வைத்திருப்பவர்களுக்கும் கதை இதேதான். எல்லைச் சாவடி கண்ணில் படும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். உள்ளே போனதும் பெட்டிக்கடையில் சுற்றுலா சிம் வாங்கலாம், இல்லை கிளம்பும் முன்பே இ-சிம் போட்டுக்கொள்ளலாம். மேப்பை டவுன்லோட் செய்து வைத்திருந்தால் இன்னும் நிம்மதி.

மோஸ்தாரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1566இல் கட்டி, 1993 நவம்பரில் பீரங்கியால் அடித்து வீழ்த்தி, 2004இல் திரும்ப எழுப்பிய அந்தக் கல்பாலம் படத்தில் பார்ப்பதைவிட நேரில் அழகு. ஆனால் கல் வழுவழு என்றிருக்கும், நல்ல பிடிமானமுள்ள செருப்பு இல்லாமல் ஏறாதீர்கள். பாலத்தை ஒட்டிய குயுண்ட்ஜிலுக் கடைத்தெருவில் விலையெல்லாம் யூரோவில்தான் சொல்கிறார்கள். அங்கே ஒரு கடையில் பளபளவென்று மின்னிய ஒரு ஜெஸ்வாவை 35 யூரோவுக்கு வாங்கினேன். ஜெஸ்வா என்றால் நீளக் கைப்பிடி வைத்த, வாய் குறுகிய சின்ன செம்புக் காபிப் பாத்திரம். கையால் அடித்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். அது என்ன ஆயிற்று என்பது கொஞ்சம் பொறுத்து.

மோஸ்தாரிலிருந்து தலைநகர் சரயேவோ போனால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரிய பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். ஆனால் பெல்கிரேடிலிருந்தோ மாண்டினீக்ரோவிலிருந்தோ வரும் பல பஸ்கள் நகரத்தின் இன்னொரு கோடியில், லூகாவிட்சா என்ற இடத்தில் இருக்கும் கிழக்கு சரயேவோ நிலையத்தில் நிற்கும். நடு ராத்திரியில் அங்கே இறங்கி முழிக்காமல், டிக்கெட் எடுக்கும்போதே எந்த நிலையம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் என்றால் டோப்ரின்யா வரை நடந்து டிராலிபஸ் பிடிக்கலாம். பஸ்ஸில் பெட்டியை அடியில் போடுவதற்குத் தனியாக ஒன்றிரண்டு மார்க் (அந்த நாட்டுப் பணம், சுமார் அரை யூரோ) கேட்பார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, வழக்கம்தான். சில்லறை வைத்திருந்தால் போதும்.

சரி, பேக்கேஜ் கதைக்கு வருகிறேன். தனியாகப் போகிற பெண், மொழி தெரியாது, பட்டறைக் கதவைத் தட்டி உள்ளே வரட்டுமா என்று எப்படிக் கேட்பது என்ற தயக்கம். அதனால் கிளம்பும் முன்பே இணையத்தில் ஒரு ஏஜென்ட்டிடம் "பாரம்பரிய நாள்" என்று ஒன்றைப் பதிவு செய்திருந்தேன். காலையில் செம்புப் பட்டறையில் பயிற்சி, மாலையில் செவ்தா (செவ்தாலின்காவைச் சுருக்கமாக இப்படிச் சொல்வார்கள்) இசை, இரவு ஒரு குடும்பத்தோடு சாப்பாடு. 110 யூரோ, முழுப் பணமும் முன்கூட்டியே. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று எழுதியும் இருந்தேன், "நோ ப்ராப்ளம்" என்று பதில் வந்தது.

நடந்தது இதுதான். பட்டறை என்று கூட்டிப்போனது ஒரு நினைவுப்பொருள் கடையின் பின்பக்கம். ஏற்கெனவே வெட்டி வைத்த வட்டத் தகட்டில் ஆளுக்கு ஒரு அச்சை வைத்து நாலு அடி அடிக்கச் சொன்னார்கள், பத்து நிமிடத்தில் முடிந்தது, மீதி ஒரு மணி நேரம் கடையில் விலை பார்க்கச் சொன்னார்கள். மாலை இசை என்பது ஓர் ஓட்டல் மண்டபத்தில் உடை அணிந்த ஒருவர் ஸ்பீக்கரில் ஓடும் பின்னணிக்கு மைக் பிடித்துப் பாடியது. இரவில் குடும்பம் எதுவும் இல்லை, சுற்றுலாக் கூட்டம் நிறைந்த உணவகத்தில் என் முன்னால் வந்து இறங்கியது பத்து செவாப்பி, அதாவது மாட்டிறைச்சிக் கொத்துக்கறியைச் சின்ன விரல்களாக உருட்டிச் சுட்டது. ரொட்டியையும் பச்சை வெங்காயத்தையும் தின்றுவிட்டு அறைக்கு வந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி மழை வேறு. கோபத்தைவிட அவமானமாக இருந்தது. இவ்வளவு தூரம் தனியாக வந்து இதற்குத்தானா என்று, மறுநாளே பஸ் ஏறிவிடலாமா என்றுகூட டிக்கெட் பார்த்தேன். அறை வாடகையைத் திருப்பித் தர மாட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் தங்கினேன், உண்மையைச் சொல்ல வேண்டுமானால்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குச் சும்மா நடக்கப் போனதில்தான் எல்லாம் மாறியது. பாஷ்சார்ஷியா என்ற பழைய கடைத்தெருவின் மூலையில் கசாண்ட்ஜிலுக் என்று ஒரு சந்து உண்டு, காலங்காலமாகச் செம்பு அடிப்பவர்கள் தெரு. முந்தின நாள் மதியம் பார்த்தபோது கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாக் கடையும் ஒரே மாதிரிச் சாமான்களோடு இருந்தன. காலையில் பார்த்தால் உள்ளே ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற பட்டறை எது, வெறும் விற்பனைக் கடை எது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவருக்கு எழுபதை ஒட்டிய வயது, கண்ணாடி மூக்கு நுனியில். நிமிர்ந்து பார்த்துவிட்டு, எங்கிருந்து என்று கேட்டார். இந்தியா, இப்போது ஜெர்மனி என்றேன். உடனே சரளமான ஜெர்மனில் ஆரம்பித்துவிட்டார். தொண்ணூறுகளில் நடந்த பொஸ்னியப் போர்க்காலத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பொஸ்னியர்கள் ஜெர்மனியில் அகதிகளாக இருந்தார்கள், பிறகு பெரும்பாலானவர்கள் திரும்பி வந்தார்கள். இவர் ஐந்து வருடம் அங்கே கட்டட வேலை பார்த்தவர். நாற்பது ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் ஆங்கிலத்தைவிட ஜெர்மன் நன்றாக எடுபடும், கொஞ்சம் தெரிந்தாலும் தயங்காமல் பேசுங்கள்.

பையில் இருந்த மோஸ்தார் ஜெஸ்வாவை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், சிரித்துவிட்டார். மெஷினில் அழுத்தி எடுத்தது, மேலே இருப்பது வெறும் வார்னிஷ், இதை அடுப்பில் வைத்தால் வாடைதான் வரும் என்றார். (வீட்டுக்கு வந்து வைத்தும் பார்த்தேன், அவர் சொன்னது அப்படியே நடந்தது.) பிறகு தான் செய்ததை என் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கையால் அடித்ததில் சுத்தியல் தழும்புகள் ஒன்றுக்கொன்று சிறிது மாறியிருக்கும், மெஷின் தழும்பு அளவெடுத்த மாதிரி வரிசையாக இருக்கும். எடை கூடுதலாக இருக்கும். உள்ளே வெள்ளையாக ஈயம் பூசியிருக்க வேண்டும், செம்பு நிறம் உள்ளேயும் தெரிந்தால் அது அலமாரியில் வைக்கத்தான், காபிக்கு இல்லை. கைப்பிடி தறையடித்து இறுக்கியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்பூச்சு வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் வெறும் பாத்திரத்தை ஒருநாளும் அடுப்பில் வைக்கக் கூடாது. நம் வீட்டில் செய்வது போலப் புளி போட்டு வெளிப்பக்கத்தைத் தேய்க்கலாம், உள்ளே கம்பிநார் படக் கூடாது. இன்னொரு விஷயம் எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்: இண்டக்‌ஷன் அடுப்பில் செம்பு சூடாகாது. என் வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன்தான், இப்போது அதற்காகவே ஒரு சின்ன கேம்பிங் ஸ்டவ் வாங்கி வைத்திருக்கிறேன்.

அவரிடம் வாங்கிய ஜெஸ்வா 60 மார்க், அதாவது சுமார் 31 யூரோ. மோஸ்தாரில் போலிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு! பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன், கேட்டதும் ஒரு தகட்டைக் கொடுத்து அடிக்கவும் விட்டார், கோணல்மாணலாக வந்தது, வாங்கித் திரும்ப நிமிர்த்தினார். இதற்குப் பணம் கேட்கவில்லை. எல்லோரும் இப்படி விடுவார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காலை பதினொரு மணிக்குள், சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன் போனால் வாய்ப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமை பல பட்டறைகள் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் சிலர் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள், கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள். எனக்கு 110 யூரோவுக்கு விற்கப்பட்டது வேலை நாள் காலையில் சும்மா நடந்து போனாலே கிடைக்கக்கூடியது.

அதே தெருவில் துப்பாக்கித் தோட்டாக் கூட்டில் செய்த பேனா, பீரங்கிக் குண்டின் கூட்டில் சித்திரம் செதுக்கிய பூச்சாடி எல்லாம் விற்பார்கள். 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை 1425 நாள் முற்றுகைக்குள் கிடந்த நகரம், அந்த உலோகத்தை எடுத்துச் சித்திர வேலை செய்தார்கள் என்பது மனதைத் தொடத்தான் செய்கிறது. நானும் தம்பிக்கு ஒரு தோட்டாப் பேனா வாங்கினேன், 10 மார்க். திரும்பும்போது சரயேவோவில் ஒன்றும் சொல்லவில்லை. இடையில் விமானம் மாறிய ஊரில் ஸ்கேனரில் பெட்டியை ஓரம்கட்டினார்கள். போலீஸ் வந்து, எங்கே வாங்கியது, ரசீது எங்கே, உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் விசாரணை. தனியாக ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள், கை நடுங்கியது. கடைசியில் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள், ஆனால் அடுத்த விமானம் போய்விட்டது. மாற்று டிக்கெட் 180 யூரோ. பத்து மார்க் பேனாவுக்கு! ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள், நம் விமான நிலையங்களில் வெற்றுத் தோட்டாக் கூடு இருந்தாலே விஷயம் போலீஸ் வரை போகும். பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பினாலும் ஸ்கேன் உண்டு. படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

இனி சாப்பாடு. பொஸ்னியா என்றால் செவாப்பி என்று எல்லாரும் சொல்கிறார்கள், மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு அது நல்ல விஷயம்தான், சோமுன் என்ற மெத்தென்ற ரொட்டிக்குள் ஐந்தோ பத்தோ வைத்துத் தருவார்கள். சாப்பிடாதவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, எங்கே போவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அஷ்சினிட்சா என்று போர்டு போட்ட கடைகளைத் தேடுங்கள். சமைத்த பாத்திரங்கள் கண்ணாடிக்குப் பின்னால் சூடாக வரிசையாக இருக்கும், விரலைக் காட்டினால் தட்டில் போட்டுத் தருவார்கள், மொழியே தேவையில்லை. வெங்காயத்துக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் அரிசியும் கறியும் அடைத்து வேக வைத்தது, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டியது, சூப், பீன்ஸ் குழம்பு எல்லாம் கிடைக்கும். பத்துப் பதினைந்து மார்க்கில் வயிறு நிறைந்துவிடும். ஆனால் இது மதியச் சாப்பாட்டுக்கான இடம். நான் முதல் முறை மாலை ஆறு மணிக்குப் போய்க் காலிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பதினொன்றரை, பன்னிரண்டுக்குப் போய்விடுங்கள், நல்லதெல்லாம் மூன்று மணிக்குள் தீர்ந்துவிடும்.

அங்கே எனக்குப் பிடித்துப்போனது பேகோவா சோர்பா என்ற சூப். கோழிக்கறியும் காய்கறியும் போட்டுக் கெட்டியாக வரும், அதில் வெண்டைக்காய் கிடக்கிறது! நகக்கண் அளவு பிஞ்சு வெண்டையை நம் வற்றல் போல உலர்த்தி, நூலில் மாலையாகக் கோத்துச் சந்தையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சில இடங்களில் கோழிக்குப் பதில் கன்றுக்குட்டி இறைச்சி போடுவார்கள், அதனால் கேட்டுவிடுங்கள். பிலெடினா என்றால் கோழி, யாக்னெடினா அல்லது யான்யெடினா என்றால் ஆட்டுக்குட்டி, டெலெடினா கன்று, கொவெதினா மாடு. இந்த நான்கையும் போனில் எழுதி வைத்துக்கொண்டது எனக்கு மிகவும் உதவியது.

சுத்த சைவம் என்றால் கொஞ்சம் உஷார். பீன்ஸ் குழம்பில் புகையிட்ட இறைச்சி ஒரு துண்டாவது கிடக்கும், காய்கறி சூப்பே எலும்பு வேகவைத்த தண்ணீரில் இருக்கலாம். "பெஸ் மெசா", அதாவது இறைச்சி இல்லாமல் என்று கேளுங்கள். உங்களைக் காப்பாற்றப் போவது பீட்டா. மெல்லிசாக இழுத்த மாவுக்குள் பூரணம் வைத்துச் சுருட்டிச் சுடுவது. நல்ல கடையில் இரும்பு மூடியைக் கவிழ்த்து அதன் மேல் தணல் கொட்டிச் சுடுவார்கள், வாசலிலேயே தெரியும். உருளைக்கிழங்கு வைத்தது கிரோம்பிருஷா, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்தது செல்யானிட்சா, வெறும் பாலாடைக்கட்டி சிர்னிட்சா. புரெக் என்று மட்டும் கேட்டால் இங்கே கறி வைத்ததுதான் வரும், பக்கத்து நாடுகளில் சாப்பிட்ட பழக்கத்தில் கேட்டுவிடாதீர்கள். எடைக்கு விற்கிறார்கள், பலகையில் போட்டிருக்கும் விலை ஒரு கிலோவுக்கு. ஒரு ஆளுக்கு கால் கிலோ தாராளம். கூட ஒரு கிளாஸ் கெட்டித் தயிர் வாங்கிக்கொள்ளுங்கள், காரம் என்ற பேச்சே அந்த ஊரில் கிடையாது, ஊறுகாய் பாக்கெட் கொண்டுபோயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

காபிக்கு அவசரமாகப் போகாதீர்கள். செம்புத் தட்டில் ஜெஸ்வா, கைப்பிடியில்லாத குட்டிக் கிண்ணம், சர்க்கரைக் கட்டி, ஒரு துண்டு லோக்கும் மிட்டாய், தண்ணீர் என்று வரும். துருக்கிக் காபிதானே என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். இங்கே தண்ணீரை முதலில் கொதிக்கவைத்துத் தூளின் மேல் ஊற்றி, திரும்ப ஒரு முறை நுரைக்க விடுகிறார்கள். நுரையைக் கரண்டியால் கிண்ணத்தில் எடுத்துவிட்டு ஊற்ற வேண்டும், சர்க்கரையைக் காபியில் போடாமல் நுனியை நனைத்துக் கடித்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும். கடைசி மடக்கு வண்டல், குடித்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் அரைக் கிலோ காபித்தூளும் ஒரு மிட்டாய்ப் பெட்டியும் வாங்கிக்கொண்டு போங்கள், செருப்பை வாசலில் விட்டுவிடுங்கள்.

பாட்டு விஷயத்தில் எனக்கு வழிகாட்டியதும் அந்தப் பட்டறைக்காரர்தான். முந்தின நாள் கேட்டதை வருணித்தேன், முகத்தைச் சுளித்தார். பழைய கிடங்குக் கட்டடம் ஒன்றில் செவ்தா இல்லம் என்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போ என்றார். சிறிய நுழைவுக் கட்டணம், உள்ளே பழைய பாடகர்களின் படங்கள், உடைகள், வாத்தியங்கள், முற்றத்தில் காபி. ஹிம்சோ பொலோவினா என்று ஒருவர், பகலில் நரம்பு-மனநல மருத்துவர், மற்ற நேரத்தில் கிராமம் கிராமமாகப் பாட்டு சேகரித்துப் பாடியவர். சாயிம் இமாமோவிச் வானொலிக் காலத்துப் பெரிய குரல், அவருடைய பேரன் தாமிர் இமாமோவிச் இன்றைக்கு அதே பாட்டுகளைத் தன் பாணியில் பாடிக்கொண்டிருக்கிறார். முன்பு சாஸ் என்ற நீளக் கழுத்துத் தந்தி வாத்தியம் ஒன்றே துணை, ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சிக் காலத்தில் அக்கார்டியன் வந்து சேர்ந்தது. 2024 டிசம்பரில் செவ்தாலின்காவை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த பிறகு கடைத்தெருவில் "செவ்தா நைட்" போர்டுகளுக்குக் குறைவில்லை, அதனாலேயே பொறுக்கி எடுக்க வேண்டும்.

அங்கே வேலை பார்த்த பெண்ணிடம் இந்த வாரம் மைக் இல்லாமல் யாராவது பாடுகிறார்களா என்று நேராகவே கேட்டேன். ஒரு சின்ன இடத்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள். போனால் மொத்தமே ஏழெட்டு மேசை. அக்கார்டியனோடு ஒரு பெரியவர், பாட ஒரு நடுத்தர வயது அம்மா. ஒரு வரியைத் தாளம் எதுவும் இல்லாமல் மூச்சு முடியும் வரை இழுத்துக்கொண்டே போகிறார், அதற்குள் அக்கார்டியன் காத்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது பாட்டிலிருந்து மேசைகளில் இருந்தவர்களும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள், எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா ஜெர்மனில் ஒவ்வொரு பாட்டுக்கும் கதை சொன்னார்: கட்டிக் கொடுக்கவில்லை, செத்துப்போனான், காத்திருக்கிறாள், திரும்ப செத்துப்போனான். அழுதுகொண்டே சிரித்தோம். பாட்டுக்காரர் மேசைக்கு வந்து பாடினால் காசு எதிர்பார்ப்பார்கள், நோட்டை அக்கார்டியன் மடிப்பில் செருகுவதும் வழக்கம். ஐந்து பத்து மார்க் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் முதலிலேயே கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்துவிடலாம். வீடியோ எடுக்கும் முன் கேளுங்கள். நான் எடுக்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்குத் தனியாக நடந்துதான் அறைக்கு வந்தேன், நகர மையத்தில் எனக்குப் பயமாக எதுவும் நடக்கவில்லை. டிராமில் மட்டும் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், பிக்பாக்கெட் உண்டு.

மர வேலை பிடிக்கும் என்றால் ஒரு பகல் கோன்யிட்ஸ் போகலாம், சரயேவோவிலிருந்து மோஸ்தார் போகும் வழியில் 60 கிலோமீட்டர் மாதிரி. நெரெத்வா ஆற்றங்கரை ஊர். வால்நட், மேப்பிள் மரங்களில் உளி பிடித்துப் பூவேலை செதுக்குவது அந்த ஊர்த் தொழில், 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. குடும்பப் பட்டறைகள் இன்றும் ஓடுகின்றன, பழைய சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்டூல், நாற்காலி விலையைக் கேட்டால் நூற்றுக்கணக்கான மார்க், அந்த வேலைப்பாட்டுக்கு அது நியாயம்தான், நான் ஒரு கைப்பெட்டியோடு நிறுத்திக்கொண்டேன். ரயில்கள் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான், திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். எனக்கு ரயில் கிடைக்காமல் பஸ்ஸுக்காக மூன்று மணி நேரம் போனது.

அப்புறம் லுகோமிர். பேலாஷ்னிட்சா மலையில் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கல்வீட்டுக் கிராமம். வயதான பெண்கள் வாசலில் உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னி விற்கிறார்கள், சுடச்சுட பீட்டா போட்டுத் தருகிறார்கள். குளிர்காலத்தில் பனி மூடிப் பாதை அடைபட்டுவிடும், கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும்தான் சரிப்படும். நான் விடுதியில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வண்டி பிடித்துப் போனேன், ஆளுக்கு 40 மார்க் ஆனது. ஒரே ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போரில் புதைத்த கண்ணிவெடிகள் பொஸ்னியாவின் மலைக்காடுகளில் இன்னும் மிச்சமிருக்கின்றன. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாவிட்டாலும் போட்ட பாதையை விட்டு ஒரு அடி விலகாதீர்கள், படம் எடுக்கவும் கூடாது, சிறுநீர் கழிக்கவும் கூடாது.

காசைப் பற்றி ஒன்று பாக்கி. அங்கே நாணயம் மார்க், ஒரு யூரோவுக்கு 1.95583 என்று கட்டிப்போட்ட விலை, மனக்கணக்குக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பட்டறை, அஷ்சினிட்சா, பஸ் எல்லாம் ரொக்கம்தான், கார்டை நம்பிப் போகாதீர்கள். ஏடிஎம் உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், மார்க்கிலேயே போகட்டும், இல்லாவிட்டால் விகிதத்தில் உருவிவிடுவார்கள். எடுத்ததைச் செலவழித்துவிட்டோ, அங்கேயே யூரோவாக மாற்றிக்கொண்டோ கிளம்புங்கள். நாட்டுக்கு வெளியே இந்த நோட்டை யாரும் சீண்டுவதில்லை, இங்கே இரண்டு வங்கியில் கேட்டுப் பார்த்துவிட்டேன். என்னிடம் இன்னும் 85 மார்க் அப்படியே இருக்கிறது. ஸ்டுட்கார்ட் பக்கம் இருந்து யாராவது போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், 40 யூரோவுக்குத் தந்துவிடுகிறேன்.